மேட்டில் ஏறும் உடம்பு

எழுந்திருப்பேன். கெட்டிலை வைப்பேன். தண்ணீர் கொதிக்கும்வரை சமையலறை ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். எதிர்க் கட்டடத்து மாடியில் ஒருவர் பல் துலக்கிக்கொண்டே தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவார். காபி குடிப்பேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பேன். நாற்காலி முதுகில் கிடக்கும் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொள்வேன். பூட்டுவேன். இழுத்துப் பார்ப்பேன். பஸ்.

வெயில் அடித்தாலும் அதே கோட்டுதான். மழை பெய்தாலும் அதேதான். வேலை செய்யும் இடத்தில் இதைக் கவனித்துவிட்டார்கள். மூக்குக் கண்ணாடிக்கான வில்லைகளைத் தேய்த்து மெருகேற்றும் பட்டறை அது. நான் தேய்ப்பதில்லை. தேய்த்து வந்ததை விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பேன்; கீறல் இருந்தால் திருப்பி அனுப்புவேன். பக்கத்து மேசைக்காரர் ஒருநாள், "கோட்டுக்குள்ளயே குடித்தனம் பண்றியாப்பா? இன்னொரு ரூம் காலியா இருந்தா சொல்லு" என்றார். சிரித்தேன். எப்படிச் சிரிப்பது என்று முகத்துக்கு ஞாபகம் இருந்தது.

என்ன போடுவது என்பதை முன்பெல்லாம் நான் முடிவு செய்ததில்லை. என் மனைவி செய்வாள். காலையில் ஜன்னலைத் திறந்து முழங்கைவரை கையை வெளியே நீட்டுவாள். கண்ணை மூடிக்கொள்வாள். வெளியே தெரிந்தவர் யாரோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல இருக்கும். பிறகு கையை உள்ளே இழுத்துக்கொண்டு, "மெல்லிசு ரெண்டு, காத்துக்கு ஒண்ணு. மழை சாயங்காலம்தான்" என்பாள். சைக்கிள்களை இறக்குவோம். பாலம்வரை சேர்ந்து போவோம். அங்கே நான் இடது பக்கம் திரும்புவேன், அவள் நேராகப் போவாள்.

அவளுக்கு சைக்கிள் கடையில் வேலை. சைக்கிளை முதலாளி விற்பார். அதில் போகிறவர்களுக்கு உடுப்பு எடுத்துக் கொடுப்பது இவள் பொறுப்பு. குளிர் தொடங்கியதும் ஆட்கள் வந்து, இருப்பதிலேயே கனமான சட்டை எது என்று கேட்பார்கள். இவள் எடுத்துத் தரமாட்டாள். "கதவுகிட்ட நிக்கிற உடம்புக்கு எடுக்காதீங்க. மேட்டுல ஏறுற உடம்புக்கு எடுங்க" என்பாள். வீட்டிலிருந்து இறங்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் அதிகமாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். அவள் தொழிலின் மொத்த ரகசியமும் அவ்வளவுதான். முதலாளி கல்லாவிலிருந்து பல்லைக் கடிப்பார்.

போன குளிர்காலத்தில் ஒரு காலை. எனக்கு விடுமுறை. அவள் தனியாகப் போனாள். பாலத்தைத் தாண்டியதும் சைக்கிளை நிறுத்தி, சுவரில் சாய்த்துவிட்டு, பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அப்படியே போய்விட்டாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் பிறவியிலேயே மெலிந்து இருந்ததாம். எந்தக் காலையிலும் நடந்திருக்கலாம், படுக்கையில்கூட நடந்திருக்கலாம், குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். எனக்குப் புரிந்தது. என் மாமியாருக்குப் புரியவில்லை.

சைக்கிள்கள் இரண்டும் வாசல் நடையில் கொக்கியில் தொங்குகின்றன. அவற்றுக்கு அடியில் குனிந்துதான் நான் வீட்டுக்குள் போக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை கோப்பையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அழைப்பு மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு கைகளிலும் நுரையோடு திறந்தேன். மாமியாரும், அவருக்கு இப்போது மிச்சமிருக்கும் ஒரே மகளும் நின்றார்கள். அவளை எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம்.

"எவ்ளோ நேரம் மாப்பிள்ளை! தூங்கிட்டீங்களா?"

"இல்ல அத்தை. பாத்திரம் கழுவிட்டிருந்தேன்."

சின்னவள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஒரு கப்பு. அதப் போயி பாத்திரம்ங்கிறாரு. அதுக்கே கூச்சமா இருக்கும் மாமா."

அத்தையின் கையில் ஒரு மிகப் பெரிய பஞ்சுக் கோட்டு இருந்தது. கோட்டு என்பதைவிட, கை வைத்த மெத்தை என்று சொல்லலாம். அத்தை சலவைக் கடை ஒன்றில் இஸ்திரிப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறார். எந்தத் துணியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒருமுறை உருட்டிப் பார்க்காமல் பேசமாட்டார். யாரோ வெளுக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன கோட்டு அது.

விஷயத்தை இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சின்னவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. பாலத்தைத் தாண்டி, மேட்டுக்கு மேலே, நாற்றுப் பண்ணையில். அங்கே கண்ணாடி வீட்டுக்குள் செடி வளர்க்கிறார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். விடிவதற்குள் அங்கே இருக்க வேண்டும்.

"மொத பஸ்ஸு போய்ச் சேர்றதுக்குள்ள செடியெல்லாம் பூத்துக் காய்ச்சுடும்" என்றாள் சின்னவள். "அதான் சைக்கிள்ல போறேன்னேன். உடனே இந்தக் கோட்டத் தூக்கிட்டு வந்துட்டாங்க."

"இதப் போட்டுக்கிட்டா போகட்டும் மாப்பிள்ளை. இல்லன்னா அந்த வேலையே வேண்டாம். எங்க கடையில ஒரு இஸ்திரிப் பெட்டி சும்மாதான் இருக்கு. ஒருத்தியக் குளிருக்குக் குடுத்தது போதும்."

"செடியப் பத்திப் படிச்சுட்டு, காலருக்குத் தண்ணி தெளிக்கச் சொல்றாங்க மாமா." குரலில் கேலி இருந்தது. கண்ணில் இல்லை. அவள் அந்த வேலைக்காக எத்தனை இடம் அலைந்தாள் என்று எனக்குத் தெரியும். "அக்கா சைக்கிளையும் அக்கா துணியையும் கேட்க வந்திருக்கேன். குடுப்பீங்களா, இல்ல அழுவீங்களா? அழுவீங்கன்னா சொல்லுங்க, அந்தக் கப்ப நான் கழுவிட்டு வரேன்."

"அழ மாட்டேன்" என்றேன். உண்மைதான். எனக்கு அது வருவதில்லை.

என் மனைவியின் அலமாரியை அவள் போன பிறகு நான் திறந்ததில்லை. திறந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே ஒரு உடம்பைப் போல அடுக்கிவைத்திருந்தாள். கீழ்த்தட்டில் தோலோடு ஒட்டிப் போடுபவை: மெல்லிய கம்பளி உள்சட்டைகள். நடுத்தட்டில் முதுகில் பை வைத்த முழுக்கைச் சட்டைகள், தேவைப்படும்போது மாட்டிக் கழற்றும் தனிக் கைகள், முழங்காலுக்கு உறைகள். மேல்தட்டில் காற்றுக்கும் மழைக்கும் உள்ளவை. கையில்லாத ஒரு மேல்சட்டை, முன்பக்கம் மட்டும் காற்றைத் தடுக்கும். ஒரு மழைச்சட்டை, சுருட்டினால் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு வந்துவிடும். ஒவ்வொரு தட்டிலும் ஒரே சோப்பின் வாசனை. அது என் சோப்பும்தான்.

சின்னவள் ஜன்னலைத் திறந்து கையை நீட்டினாள், அக்காவைப் போலவே. கண்ணை மூடினாள். ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"ஈரமா இருக்கு. வேற ஒண்ணும் தெரியல. நீங்க நீட்டுங்க மாமா."

நீட்டினேன். வெளியே பனிமூட்டம். எதிர்க் கட்டடம் இல்லை, செடிக்காரர் இல்லை. என் கை மணிக்கட்டோடு காணாமல் போயிற்று. எடையில்லாத ஏதோ ஒன்று உள்ளங்கையில் உட்கார்ந்து எழுந்தது போலிருந்தது. காற்று இல்லை; ஆனால் எங்கோ மேலே அது கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தது.

"மேல வெயில் இருக்கும்" என்றேன். "அப்புறம் காத்து. தூறலும் வரலாம்."

யார் சொன்னது என்பதுபோல நானே திரும்பிப் பார்த்தேன்.

இதற்குள் அத்தை உள்சட்டை ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருந்தார். "இது என்ன, வெங்காயத் தோலா? இதப் போட்டுக்கிட்டா இவ போகணும்?"

"வெங்காயம் குளிர்ல விறைச்சுப் போச்சுன்னு யாராவது சொல்லி இருக்காங்களா? தோலு மேல தோலாப் போட்டுக்கிட்டு ஜம்முனு இருக்கும்மா அது."

"வாய் மட்டும் இருக்கு."

"ஏறும்போது ஒண்ணக் கழட்டணும், எறங்கும்போது ஒண்ணப் போடணும். ஒரே மெத்தைன்னா எதக் கழட்டறது? கதவுகிட்ட குளிரணும், அதுதான் கணக்குன்னு அக்கா சொல்லுவா."

அத்தையின் விரல்கள் நின்றன.

"குளிரணுமா" என்றார். "கடைசியா என்ன சொன்னான்னு ஆஸ்பத்திரியில இவர்தானே சொன்னாரு. 'குளிருது'ன்னா. எம் பொண்ணு குளிருது குளிருதுன்னு சொல்லிக்கிட்டே போயிருக்கா. நீ குளிரணும்ங்கிற."

பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து அலமாரியைப் பார்த்தது.

அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று அத்தை என்னிடம் கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். முதல் வார்த்தை அதுதான். அதைக் கேட்டதும் அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ தண்ணீருக்கு ஓடினார்கள். அந்த ஒரு வார்த்தை அவரோடு வீட்டுக்குப் போய், பிறகு இரண்டு வார்த்தையாகி, பிறகு ஓயாத முனகலாகிவிட்டது. என் மனைவி அந்த வார்த்தைக்குப் பிறகும் பேசியிருந்தாள். அதை யாரும் கேட்கவில்லை. நாள் போகப்போக நானும் சொல்ல விரும்பவில்லை. எல்லோரும் பங்கு போட்டுக்கொண்ட ஒருத்தியில், எனக்கென்று தனியாக மிஞ்சியது அந்த மீதிப் பேச்சு ஒன்றுதான்.

இப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "கோட்டப் போட்டுக்கிட்டே போகட்டும் அத்தை. இன்னிக்கே ஒரு தடவ போய்ப் பாத்துடலாம், நானும் கூடப் போறேன்" என்று வந்தது.

"நானும் பஸ்ஸப் பிடிச்சு மேல வரேன்" என்றார் அத்தை. "முழுசா வந்து சேர்றாளான்னு என் கண்ணால பாக்கணும். இல்லன்னா திங்கக்கிழமை கிடையாது."

சின்னவள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நான் தட்டுக்கு ஒன்றாக எடுத்து முதுகுப் பைக்குள் வைத்தேன்.

சக்கரங்களுக்குக் காற்றடித்தேன். பழக்கத்தில் சாம்பல் கோட்டை எடுத்தேன். "நீங்களுமா?" என்றாள் சின்னவள். அவள் ஏற்கெனவே மெத்தைக்குள் இருந்தாள். மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே தெரிந்தன. "ரெண்டு கரடி சைக்கிள் ஓட்டுதுன்னு கூட்டம் கூடிடும் மாமா." கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு என்னுடையவற்றைப் போட்டுக்கொண்டேன். மெல்லிசு இரண்டு, காற்றுக்கு ஒன்று. படியிறங்கியதும் கழுத்திலிருந்து முதுகுத்தண்டு வழியாகக் குளிர் ஒரு விரல்போல மெதுவாக இறங்கியது. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு ஏதோ ஒன்று தெரிந்தது.

தெருவை யாரோ பாலில் கரைத்துவிட்டிருந்தார்கள். விளக்குக் கம்பங்கள் கம்பமில்லாமல் விளக்காக மட்டும் நின்றன. ஒரு நாய் பாதியாக வந்து பாதியாகப் போயிற்று. பாலத்தின் மேல் ஏறியபோது கீழே ஆறு இருக்கிறதா என்று சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. நான் இடது பக்கம் திரும்பவில்லை. நேராகப் போனேன். சுவர் வந்தது. பெஞ்சு வந்தது. அதில் ஒருவர் செருப்பைக் கழற்றி உள்ளே புகுந்த கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். பெஞ்சு பின்னால் போயிற்று.

பிறகு மேடு. என் கால்கள் என்னைக் கேட்காமல் ஏறின. சக்கரங்கள் சுழல்கிற இடத்தில் சாலை இருந்தது. மற்ற இடத்தில் ஒன்றுமில்லை. என் மூச்சு எனக்கு முன்னால் போய் நின்று, நான் வந்ததும் வழிவிட்டது. உள்ளேயிருந்து சூடு ஒரு விளக்கின் திரியைத் தூண்டியதுபோல எழுந்தது. இப்போது எனக்குக் குளிரவில்லை, வியர்க்கவும் இல்லை. அவள் சொல்கிற உடம்பு இதுதான். சற்றுமுன் கதவருகே நின்றவன் வேறு யாரோ.

பக்கத்தில் சின்னவள் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, குக்கருக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு. விசில்தான் வரல."

"ஜிப்பத் திற."

திறந்தாள். காற்று நேராக நெஞ்சில் புகுந்தது. "ஐயோ" என்று மூடினாள். மறுபடி வெந்தாள். திறந்தாள். மூடினாள். மேடு முழுக்க அப்படியே போயிற்று. தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கொண்டது. ஒரு திருப்பத்தில் பனி திடீரென்று எங்களைக் கீழே விட்டுவிட்டது. மேலே வெயில், நீல வானம். ஊர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு குளம். அதில் சில மாடிகளும் ஒரு புகைபோக்கியும் மிதந்தன. எங்கள் வீடும் அந்த வெள்ளைக்கு அடியில் எங்கோ விளக்கு எரிந்தபடி கிடந்தது. ரெண்டு பேரும் ஒரு காலை ஊன்றி நின்று பார்த்தோம்.

"அக்கா இதத் தினம் பாப்பாளா?"

"அவ கடை கீழதான். ஆனா லீவு நாள்ல ஏறுவா. எழுப்பினா நான் வரமாட்டேன்."

நிற்காமல் இருந்திருக்கலாம். நின்ற கொஞ்ச நேரத்தில் வெயில் போயிற்று. மேட்டின் மறுபக்கத்திலிருந்து காற்று ஏறி வந்தது, தூறலையும் கூட்டிக்கொண்டு. உச்சியைத் தாண்டியதும் பண்ணைக்குப் போகும் பாதை சரிவு, மிதிக்க வேலையில்லை. அவள் பேச்சு நின்றது. கொஞ்சம் கழித்துப் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

பண்ணை வாசலில் அத்தை குடையோடு நின்றார். பஸ் எங்களை முந்தியிருந்தது. பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள், "திங்கக்கிழமைப் பொண்ணா? அதுக்குள்ள வந்துட்டியே" என்று கண்ணாடி வீட்டைத் திறந்துவிட்டார்.

உள்ளே வேறு பருவம். வரிசை வரிசையாகத் தட்டுகளில் இரண்டே இலையோடு நாற்றுகள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தன. கண்ணாடியில் நீர்த்துளிகள். வெளியே நடப்பவர்கள் நிறம் கலைந்த உருவங்களாக மிதந்து போனார்கள். மண்ணும் ஈரமும் சேர்ந்த வெதுவெதுப்பு.

"பாத்தியா, கோட்டு இருந்துதோ பொழைச்ச" என்றபடி அத்தை சின்னவளின் கழுத்துப் பட்டைக்குள் கையை விட்டார், பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தைக்குச் செய்வதுபோல. கை முதுகுவரை போனது. அங்கேயே நின்றுவிட்டது.

மெதுவாக வெளியே எடுத்தார். பார்த்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து உருட்டினார்.

"சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கே."

"ஏறும்போது வேர்த்தது. எறங்கும்போது அதுவே ஐஸாயிடுச்சும்மா." உதடு நீலமாக இருந்தது.

"மழையில நனைஞ்சதா?"

"இல்ல. உள்ளேருந்து."

அத்தை கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பினார். பஞ்சு கட்டிகட்டியாகத் தொங்கியது. அவர் வாழ்நாளெல்லாம் ஈரத் துணிக்கும் உலர்ந்த துணிக்கும் நடுவில் நிற்கிறவர். வேறு யாரும் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "கழட்டு" என்றார். "எல்லாத்தையும் கழட்டுடி. மாப்பிள்ளை, அந்தப் பையக் குடுங்க, அந்தப் பக்கம் திரும்புங்க."

நான் நாற்றுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் துணி உரசும் சத்தம். "கைய மேல தூக்கு. மேல. ஆ, இது எந்தப் பக்கம்? இந்த வெங்காயத் தோலு மொதல்ல." பிறகு சின்னவளின் குரல்: "தோள்ல பிடிக்குதும்மா." "உனக்கு அவளவிட அகலம். கம்பளிதானே, ரெண்டு நாள்ல இழுத்துக் குடுக்கும்." சட்டையை மாட்டுவதற்கு முன் அத்தை மகளின் முதுகைத் தன் துப்பட்டாவால் துடைத்தார் என்று நினைக்கிறேன். எந்த மகளின் முதுகை என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பியபோது என் மனைவியின் நீலச் சட்டையில் சின்னவள் நின்றாள். ஒரு கணம் ஏதோ நடக்கும் என்று காத்திருந்தேன். சின்னவள் சின்னவளாகவே இருந்தாள்.

தூறல் நின்றிருந்தது. அவள் கதவைத் திறந்து வெளியே போய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள்களைக் குறுக்கினாள்.

"குளிருதா?" என்றார் அத்தை.

"குளிருது!" ஏதோ பரிசு கிடைத்ததுபோலச் சொன்னாள்.

"அப்ப உள்ள வா."

"வர மாட்டேன். இப்படித்தான் இருக்கணும். மேல மரம் இருக்கில்ல, அதுவரைக்கும் ஏறிட்டு வரேன். வந்ததும் கைய விட்டுப் பாரு."

போனாள். நானும் அத்தையும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தோம். நீலப் புள்ளி துளிகளுக்குள் உடைந்து, சேர்ந்து, உடைந்து ஏறியது. மரத்தைச் சுற்றியது. காற்றோடு இறங்கி வந்தது. வாசலில் இறங்கியதும் அவள் முதுகைக் காட்டி நின்றாள். அத்தை கையை உள்ளே விட்டார். இந்தமுறை ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"காஞ்சிருக்கு" என்றார். பிறகு, "சூடா இருக்கு."

கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். ஈரக் கோட்டைச் சுருட்டி இடுப்பில் இடுக்கினார். "இதத் திங்கக்கிழமை கடையிலயே மாட்டிடறேன். நீ அதுக்குள்ள இங்க வந்து சேர்ந்திருப்ப."

சின்னவள் அம்மாவைக் கட்டிக்கொள்ளவில்லை. பண்ணை அம்மாளிடம் ஓடினாள், செடிகளைக் காட்டச் சொல்லி.

அத்தை நாற்றுகளைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"அவளும் கதவுகிட்டதான் சொன்னாளா மாப்பிள்ளை?"

"ஆமா அத்தை."

"பெஞ்சுல இல்லையே?"

"இல்ல. எங்கிட்டதான். கிளம்பும்போது."

"அப்புறம் ஏதாவது சொன்னாளா?"

எனக்கென்று இருந்தது அது. அத்தையின் கை இன்னும் கன்னத்திலேயே இருந்தது. சொன்னேன். நான் அரைத் தூக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னேன். அவள் இதேபோல இன்னொரு நீலச் சட்டையில், ஒரு கையில் சைக்கிளோடு, படிக்கட்டில் நின்றதைச் சொன்னேன். தோளை ஒருமுறை சிலிர்த்துவிட்டு, சிரித்துக்கொண்டு அவள் சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"குளிருது. அப்ப சரியாத்தான் போட்டிருக்கேன். நீ கதவச் சாத்து, வீடு ஆறிடும்."